நானூறு இலக்க மகராசி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

அக்கா ஏன் போனை எடுக்கவில்லை, செய்திக்கு ஏன் பதில் போடவில்லை என்று சித்தியிடம் கேட்டாயாமே. செய்திகளை மறைத்து அனுப்ப நீ செய்து கொடுத்த கணினிப் பூட்டின் வழியாக இனி ஒரு வார்த்தைகூட அனுப்புவதாக இல்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தபால்காரர் பிரித்துப் படித்தாலும் படித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் இல்லத்தின் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். புருஷன் அடி தாங்காமல் ஓடி வருகிற பெண்களை வெளியாருக்குத் தெரியாத அறைகளில் தங்க வைக்கிறோம். கடைவீதியில் இருக்கிற அலுவலகத்துக்கு யாரும் வரலாம், அந்தப் புருஷன்களும் வருவார்கள். அறைகள் எங்கே என்று மட்டும் யாருக்கும் தெரியாது. எந்தப் பெண்ணுக்கு எந்த அறை என்பது உன் பூட்டுப் போட்ட செய்தியாகத்தான் அவள் கைக்குப் போகும்.

போன வியாழன் காலை பத்து மணிக்கு ஒரு பெண் அறை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். டைப்பிஸ்ட் வேலை பார்த்தவள், அவளை நாங்கள் டைப்பிஸ்ட் என்றுதான் கூப்பிடுவோம். நிமிர்ந்து பார்த்தால் புருஷன் நிற்கிறான். நாலே நாள் முன்பு போன அறை அது. வலது கையைப் பிடித்து முறுக்கி மணிக்கட்டை உடைத்துவிட்டான். கீழ்க்கடைத் தையல்காரர் சத்தம் கேட்டுக் கத்தரிக்கோலோடு மேலே ஓடி வந்ததால் உயிர் தப்பியது.

நான் அவளோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது உன் செய்தி வந்தது. "மகராசிக்கு விருது! ஏப்ரலில் விழா, அக்கா!" கூடவே கோட்டுப் போட்ட உன் போட்டோ. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த முகவரி தெரிந்தவர்கள் அவளும் நானும் மட்டும். எழுத்தில் அது இருந்த ஒரே இடம் உன் பூட்டுக்குள். பூட்டுக்குள் நீ வைத்த அந்த மகராசி எண்ணில் என்ன கோளாறு? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஆத்திரத்தில் நீ யாரைத் திட்டுகிறாய் என்று யோசித்துப் பார்.

மகராசியைப் பற்றி உனக்கு மறந்துபோயிருக்கும். அது நானூறு இலக்கம் கொண்ட பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று தொள்ளாயிரத்து நாற்பத்தேழு வரைக்கும் இருக்கிற நூற்று அறுபத்தொரு பகா எண்களில் எதை எடுத்து அதை வகுத்தாலும் மீதி ஒன்று வரும். நூற்று அறுபத்தொரு தடவையும் ஒன்றேதான்! இந்த மாதிரி ஒரு லட்சணம் எத்தனை எண்ணுக்கு அமையும், சொல்? இவ்வளவு பெரிய எண் பகா எண்தான் என்று நிரூபிக்க மற்றவர்களுக்குக் கட்டுக்கட்டாகக் காகிதம் வேண்டும். எனக்கு ஒரே தாள் போதும். அந்த ஒற்றைத் தாளுக்காகத்தான் கணிதச் சங்கத்தில் விருது கொடுக்கிறார்கள்.

பூட்டை ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்துத் திறக்க நினைத்தால் உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் முடியாது. ஆகவே கோளாறு வேறு எங்கோதான் இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அவளே சொல்லியிருப்பாள். அடித்தாலும் புருஷன், நாலு நாளில் மனசு இளகி "இங்கேதான் இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். இந்த மாதிரிப் பெண்களை நீதான் தினமும் பார்க்கிறாயே.

ஏப்ரல் விழாவுக்கு முன்வரிசையில் உனக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வா.

உன் தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். "இந்த மாதிரிப் பெண்கள்" என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? கை முறிந்தது அவளுக்கு, நாக்கு நீளுவது உனக்கா?

நேற்றுக் காவல் நிலையத்தில் என்னை உட்கார வைத்து அவள் புருஷனின் வாக்குமூலத்தை வாங்கினார்கள். கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு சிரித்தபடி பேசினான். ஏட்டு எழுதிக்கொண்டதை அப்படியே உனக்கு எழுதுகிறேன்.

"அதைப் பூட்டுன்னு சொல்லாதீங்க சார். தெறக்குற வழியைச் சட்டம் போட்டுச் செவத்துல மாட்டி வெச்சிருக்காங்க. சமாதானம் பேசலாம்னு இவங்க ஆபீசுக்குப் போய் மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன், பொழுது போகலை, அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். போட்டோ எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். அந்த அம்மா, 'தாராளமா எடுங்க, என் தம்பி கண்டுபிடிச்சது'ன்னாங்க."

அந்த அம்மா நான்தான்.

நீ கண்ணாடிச் சட்டத்தில் போட்டு அனுப்பிய உன் நிரூபணத் தாள், அந்த ஒற்றைத் தாள், இரண்டு வருடமாகக் காத்திருப்போர் அறையில் என் மேசைக்கு நேர் எதிரே தொங்கியது. மேலே மகராசி, கீழே வரிசையாக அந்த நூற்று அறுபத்தொரு எண்கள், அதற்கும் கீழே உன் கையெழுத்து. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத் துடைப்பேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பெருமை பேசுவேன்.

இன்னொன்றும் கேள். அவளுடைய செய்திக் கணக்கு புருஷன் வீட்டுக் கணினியிலும் திறந்தபடியே இருந்திருக்கிறது. நாங்கள் அனுப்புவது எல்லாம் பூட்டியபடியே அங்கேயும் போய் விழும். அவள் முதல் நாளே பயந்து கேட்டாள்: "மேடம், இது அவர்கிட்டயும் போகுமே, பரவாயில்லையா?" நான் சொன்னேன்: "போனா போகட்டும்மா, தலைகீழா நின்னாலும் படிக்க முடியாது. அது என் தம்பி போட்ட பூட்டு." கணக்கை மாற்றச் சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. நான் சொல்லவில்லை. என்னை நினைத்தாலே எனக்கு வாயில் கசக்கிறது.

அவனை நாளை ஜாமீனில் விடப்போகிறார்கள். நிலைய வாசலில் கூட வந்த சிநேகிதர்களுக்கும் இதையே விளக்கிச் சிரித்துக்கொண்டிருந்தானாம். உன் பூட்டை எங்களைப் போல இன்னும் பத்தொன்பது இல்லங்கள் நம்பிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இருபது பெண்கள், முப்பது பெண்கள், அவர்களுடைய குழந்தைகள்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தத் தாளில் இருப்பது திறக்கிற வழிதான் என்று உனக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? அம்மா மேல் ஆணையாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தெரியும்.

எப்படி என்று சொல்கிறேன். எண் பூட்டுப் போட்ட ஒரு பெட்டியை நினைத்துக்கொள். நூற்று அறுபத்தொரு சக்கரம். எல்லாச் சக்கரமும் ஒரே நேரத்தில் சரியாக நின்றால்தான் திறக்கும் என்றால் யுகம் யுகமாகத் திருகினாலும் நடக்காது. ஆனால் ஒவ்வொரு சக்கரமும் சரியான இடத்துக்கு வந்ததும் 'டிக்' என்று தனித்தனியாகச் சத்தம் கொடுத்தால்? ஒவ்வொன்றாகத் திருகி முடித்துவிடலாம். ஒரு பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது சின்னச் சின்ன எண்களாக உடைந்துவிட்டால், அந்த ஒவ்வொரு சின்ன எண்ணும் இப்படி ஒரு சக்கரம். மகராசியிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் முழுவதும் தூள்தூளாக உடைந்துவிடும். நான் அப்படித்தான் அதைச் செய்தேன். சின்னப் பகா எண்களை எல்லாம் பெருக்கி, கூட ஒரு சின்ன எண்ணாலும் பெருக்கி, ஒன்றைக் கூட்டினேன். ஒரு வருடம் தேடினேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? பொய். அந்தச் சின்ன எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்ததில், மேசைமேல் வைத்த டீ ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது. நிரூபணம் ஒரே தாளில் அடங்கியதற்கும் அதுதான் காரணம். எது நிரூபணத்தைச் சுலபமாக்கியதோ அதுவேதான் பூட்டைத் திறப்பதையும் சுலபமாக்குகிறது. மொத்தம் எழுபதாயிரம் தடவை திருகினால் போதும். ஒரு சாதாரணக் கணினிக்கு அது கண் சிமிட்டுகிற நேரம்.

செய்தபோது இது என் மனதில் படவில்லை, சத்தியம். வகுத்த இடமெல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்ததும் சொக்கிப்போய்விட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் கம்பெனியில் என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண், எல்லோரும் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள், என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "சார், ஒன்னைக் கழிச்சிட்டுப் பாருங்க சார். எல்லாம் பொடிப்பொடியா உதிருது. பூட்டுக்கு இது ஆகாது." ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் அந்தப் பாதி உடையாமல் பகா எண்ணாகவே இருக்கிற ஒரு எண்ணை அவளே தேடிக் கொண்டுவந்திருந்தாள். பார்க்கவே சகிக்காத எண். எந்த ஒழுங்கும் கிடையாது. "உனக்கு அழகு தெரியலைம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போனதும் கழித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதற்கு முந்தின வாரம்தான் சட்டம் போட்ட தாள்கள் இருபதும் தபாலில் போயிருந்தன.

எந்தக் கணக்குத் தெரிந்தவன் ஒரு இல்லத்தின் சுவரைப் பார்க்கப் போகிறான் என்று இருந்துவிட்டேன்.

இப்போது வழி இருக்கிறது. மே மாதம் பூட்டின் புதிய பதிப்பு வருகிறது. சத்தமில்லாமல் எண்ணை மாற்றிவிடலாம். அறிவிப்பும் எழுதி வைத்துவிட்டேன்: "வழக்கமான மேம்பாட்டின் ஒரு பகுதியாகச் சில உள் எண்கள் புதுப்பிக்கப்படுகின்றன." விழா ஏப்ரலில் முடிந்துவிடும். அதுவரைக்கும் வெளியே எதுவும் சொல்லாதே, அக்கா. இருபது வருடமாகக் கட்டிய பெயர் ஒரே நாளில் போய்விடும். உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

தம்பி


பிப்ரவரி 25

அடேய்,

"புதுப்பிக்கப்படுகின்றன." யாரால் புதுப்பிக்கப்படுகின்றன? ஏன் புதுப்பிக்கப்படுகின்றன? அந்த ஒரு வரியில் உன்னையும் காணோம், அவளையும் காணோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ முறிந்த கையை மறைக்கிறாய்.

உன் பதிலுக்காக நான் காத்துக்கொண்டிருக்கவில்லை. பன்னிரண்டாம் தேதியே பத்தொன்பது இல்லத்துக்கும் போன் போட்டு, "அந்தப் பூட்டை நம்பாதீங்க, சட்டத்தைக் கழட்டுங்க" என்றேன். மூன்று பேர் உடனே கேட்டார்கள். மற்ற பதினாறு பேரும், நியாயம்தானே, உன் கம்பெனியிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வந்த பதிலை ஒரு இல்லத்துக்காரம்மா எனக்குப் படித்துக் காட்டினாள். "மகராசி எண்ணில் எந்தக் குறையும் இல்லை. அது பகா எண் என்பதற்கு முழு நிரூபணம் உள்ளது." தேதி பிப்ரவரி 16. கையெழுத்து உன்னுடையது.

என் கடிதம் உன் கையில் கிடைத்த பிறகு எழுதியிருக்கிறாய். அவள் மணிக்கட்டு முறிந்தது தெரிந்து எழுதியிருக்கிறாய். அந்தம்மா, "உங்க தம்பியே உறுதியாச் சொல்றாரே, நீங்க ஏம்மா அவர் பேரைக் கெடுக்குறீங்க?" என்று என்னைக் கடிந்துகொண்டாள். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

அறியாமல் செய்தது தப்பு. அதை மன்னித்துவிடுவேன், நானும்தானே பெருமையில் கண்ணை மூடிக்கொண்டேன். தெரிந்த பிறகு இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததை எப்படி மன்னிப்பது? பதினாறாம் தேதி எழுதியதற்கு என்ன பெயர் வைப்பது? சாக்கடையில்கூட இறங்கிக் கழுவிவிடுவேன், உன் கடிதத்தைத் தொட அருவருப்பாக இருக்கிறது.

சொல்வதைக் கேள். பதினாறு வீட்டில் ஏறக்குறைய நானூறு பெண்கள். மே வரைக்கும் அவர்களால் காத்திருக்க முடியாது. உன் பெயரில், உன் கையெழுத்தில், "குறை இருக்கிறது, எனக்கு முன்பே தெரியும், நான் மறைத்தேன்" என்று மூன்று வரி எழுது. "நான்" என்று எழுது. உன் வாயால் சொன்னால்தான் நம்புவோம் என்கிறார்கள். மார்ச் ஐந்துக்குள் அது போய்ச் சேரவில்லை என்றால், உன் பிப்ரவரி 21 கடிதத்தைப் பதினேழு பிரதி எடுத்து நானே அனுப்புவேன். முதல் பிரதி உன் விருதுச் சங்கத்துக்குப் போகும்.

இப்படிக்கு,
உன் அக்காவாகப் பிறந்தவள்


மார்ச் 14

அக்கா,

பிப்ரவரி 28 அன்றே அனுப்பிவிட்டேன். இதனுடன் ஒரு பிரதி இருக்கிறது. உன் மிரட்டலுக்குப் பயந்துதான் எழுத உட்கார்ந்தேன், மறைக்கவில்லை. எழுதி முடித்தபோது பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. "நான்" என்று ஏழு இடத்தில் வருகிறது.

கண்ணாடி கொண்டுவந்த அந்த அழகில்லாத எண்ணைத்தான் இப்போது எல்லா இல்லங்களிலும் போட்டிருக்கிறோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு உங்க எண்ணு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு சார். அதனாலதான் பிரிச்சுப் பார்த்தேன்" என்றாள். என் இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு வேலை போய்விட்டது. சங்கம் ஒரு வரியில் விருதை ரத்து செய்துவிட்டது.

சட்டங்களைக் கழற்றுவதைத் தபாலில் விட மனம் வரவில்லை. ஒவ்வொரு இல்லமாக நானே போனேன். ஏழாவது இல்லத்தில் வரவேற்பில் இருந்த அம்மாவுக்கு என் அறிவிப்பு இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. "கணக்கு சாரா! வாங்க வாங்க" என்று டீ கொடுத்தார். "எவ்வளவு லட்சணமா இருக்கு, இதை ஏன் சார் கழட்டுறீங்க? இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். பக்கத்து பெஞ்சில் ஒருத்தி கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு குழந்தை. அந்தச் சட்டத்தின் கண்ணாடியில் அவள் முகமும் தெரிந்தது, அதன்மேல் என் கையெழுத்தும் தெரிந்தது. அவர்கள் கை கழுவுகிற தொட்டியில் போய் வாந்தி எடுத்தேன். குடித்த டீ அப்படியே வந்தது. அந்த அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் உண்மையைச் சொன்னேன். பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார்.

உன்னைப் பார்க்க வேண்டும், அக்கா. அந்தப் பெண்ணிடமும் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அலுவலகத்தையும் மாற்றிவிட்டீர்கள் என்று சித்தி சொன்னாள். புது முகவரி அவளுக்கும் தெரியவில்லை. இதைப் பழைய முகவரிக்குத்தான் அனுப்புகிறேன், தபால் நிலையம் அதைப் புது இடத்துக்குச் சேர்த்துவிடும் என்று நம்புகிறேன். எங்கே வரட்டும்?

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

தபால் நிலையத்தில் பெட்டி எண் வாங்கியிருக்கிறோம், உன் கடிதம் அதில் வந்து சேர்ந்தது. அறிவிப்பைப் படித்தேன். சரியாக எழுதியிருக்கிறாய். அந்தப் பதினாறு இல்லங்களிலும் பூட்டை மாற்றிவிட்டார்கள், அறைகளையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை வேறு எந்த வாசலிலும் யாரும் வந்து நிற்கவில்லை. நீ செய்தது வேலை செய்திருக்கிறது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டைப்பிஸ்ட்டிடமும் அறிவிப்பைக் கொடுத்தேன். மாவுக்கட்டோடு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இதை எழுதியிருந்தார்னா இவர் யாருன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது மேடம். நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்." கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க நீ வர வேண்டாம் என்றாள். இன்னொரு ஆம்பளை அவளைத் தேடிக்கொண்டு வருவது அவளுக்கு வேண்டாமாம்.

நீ சாப்பிடுகிறாயா? வாந்தி நின்றதா? வேலை போனதற்கு நான் சந்தோஷப்படவில்லை. ஆனால் அதை நினைத்து அழவும் எனக்குக் கண்ணீர் வரவில்லை. உன் கடிதங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். இன்னும் வெறும் கையால் தொட முடியவில்லை, ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

எங்கே வரட்டும் என்று கேட்டிருந்தாய். புது அலுவலகத்தில் உள்ளே வருகிற எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், வேலை செய்கிற நாங்களும்தான். "இந்த முகவரி யாருக்குத் தெரியக் கூடாது?" என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. டைப்பிஸ்ட்தான் இப்போது அந்த மேசையில் இருக்கிறாள், இடது கையால் எல்லாவற்றையும் பதிவு செய்கிறாள். நான் அவள் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பென்சிலை எடுத்து உன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன்.

"மேடம், பென்சில்ல எழுதினா செல்லாது" என்று சொல்லி அவளுடைய பேனாவைக் கொடுத்தாள்.

பேனாவால் எழுதினேன்.

அக்கா